அசையும் உருவமும் நமது பார்வையும்: சோதனைக் குறும்படக் காட்சிகள் பற்றி ஒரு திறனாய்வு

சென்ற ஆண்டு தாளடி அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடந்த நாட்களில், நன்னிலத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒரு மாலைப்பொழுது சில குறும்படங்களைத் திரையிட்டோம். திரை என்பது சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி. படம் வீழ்த்தும் கருவி கடன் வாங்கியது. ஏறத்தாழ 40 பேர் வந்திருந்தனர். பெரும்பாலோர் நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் குடும்பத்தினர். அவர்களுடன் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த இறையியல் மாணவர் ஒருவரும் இருந்தனர். காட்டியவை மூன்று படங்கள். இரண்டாவது முடிந்தவுடன் சபையின் மூப்பர் ஒருவர் எழுந்து, “ஐயா, இதிலே கதை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கையில் வேறொருவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே சென்றுவிட்டார். அந்தக் கேள்வியும் அந்த வெளியேற்றமும் நம்மை விடவில்லை. அவற்றை ஒருசேர எண்ணிப்பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

சோதனைக் குறும்படம், வீடியோ கலை என்றெல்லாம் வழங்கப்படும் இவ்வாக்கங்கள் நமது ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரும்பாலும் அறிமுகமில்லாதவை. அவை சில நிமிடங்களே நீள்வன. கதையையோ நடிகரையோ உரையாடலையோ அவை நம்பியிருப்பதில்லை. ஓவியன் வண்ணத்தைக் கையாளுவதுபோல் ஒளியையும் காலத்தையும் நேரடியாகக் கையாள முயல்கின்றன. திரையரங்குகளில் இவற்றுக்கு இடமில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு ஆக்கங்களைத் தேர்ந்து, ஒரு வரிசையில் அமைத்து, அருங்காட்சியகத்திலோ கல்லூரியிலோ ஒரு சங்கத்தின் கூடத்திலோ ஒரே அமர்வில் காட்டுவது மரபாயிற்று. இவ்வாறு காட்டுகையில் வரிசையை அமைப்பவரும் ஒருவகையில் ஆக்கியோன் ஆகிவிடுகிறார் என்பதைப் பின்னர் காண்போம்.

இக்கலையின் தோற்றத்தைப் பற்றி வழங்கும் கதை நமக்குச் சுவையானது. 1965 அக்டோபர் 4ஆம் நாள் போப்பாண்டவர் ஆறாம் பவுல் நியூயார்க் நகருக்கு வந்தார். கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் அந்த ஊர்வலத்தைக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய வீடியோ கருவியால் பதிவு செய்து, அன்றிரவே ஒரு காப்பிக்கடையில் காட்டினார் என்பர். அத்தகைய கருவி அந்நாளில் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடுமா என்று ஆய்வாளர் ஐயம் எழுப்பியுள்ளனர். உண்மை எவ்வாறாயினும், இக்கலை தன் பிறப்பைப் பற்றி இப்படியொரு கதையைச் சொல்லிக்கொள்ள விரும்பியது என்பது கருதத்தக்கது. பெரிய நிறுவனங்கள் மட்டுமே படம் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தனிமனிதன் தெருவில் நின்று தன் கண்ணால் பார்த்ததைத் தானே பிறருக்குக் காட்டினான் என்பதே அக்கதையின் உயிர்.

சீர்திருத்தச் சபைகளின் மரபினராகிய நாம் உருவத்தை ஐயத்தோடு நோக்கப் பழகியவர்கள். இரண்டாம் கற்பனையை நாம் எளிதில் மறப்பதில்லை. நன்னிலத்திற்குக் கிழக்கே, கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சுப்பொறியைத் தேடினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. சொல்லின் மேல், அதுவும் அச்சிட்ட சொல்லின் மேல் எழுந்தவை நம் சபைகள். எனினும் உருவத்தை நாம் முற்றிலும் விலக்கி வைத்தோமா என்றால், இல்லை. மிஷனெரிமார் மாயவிளக்குப் படங்களைக் கிராமந்தோறும் எடுத்துச் சென்றனர். 1979இல் வெளிவந்த ‘இயேசு’ திரைப்படத்தின் தமிழ் வடிவத்தைத் தெருமுனையில் திரை கட்டிக் காட்டாத ஊழியர் குழு அரிது. ஆயின் இவ்விடங்களிலெல்லாம் உருவத்தை நாம் ஒரு வண்டியாகவே கருதினோம். செய்தி என்னும் மூட்டையை ஊருக்குள் கொண்டுவந்து இறக்கியபின் வண்டிக்கு அங்கே வேலை இல்லை. மூப்பர் கேட்ட கேள்வியின் பொருள் இதுவே: வண்டி வந்துவிட்டது, மூட்டை எங்கே?

அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. நல்லமாங்குடியில் 1930இல் பிறந்த கே. பாலசந்தர் இந்த நன்னிலம் மண்ணின் மைந்தர். நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த அவருடைய படங்களில் மாந்தர் பேசிப் பேசியே தம் உள்ளத்தைத் திறப்பர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் காலந்தொட்டு நமது ஆராதனையும் பாட்டிலும் கதைசொல்லலிலும் தோய்ந்தே வந்துள்ளது. இத்தகைய செவிக்குப் பேச்சில்லாத படம் உப்பில்லாத பண்டமாகத் தோன்றுவது இயல்பு.

நாம் முதலில் காட்டிய இரண்டும் பிரமோத் பதி ஆக்கியவை: 1972இல் வந்த ‘ஆபித்’, 1968இல் வந்த ‘எக்ஸ்ப்ளோரர்’. இவ்விரண்டையும் வெளியிட்டது இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் என்பதைக் கேட்டு மாணவர் வியந்தார். 1948இல் தோன்றி, 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்ட அந்நிறுவனத்தின் படங்களை நாட்டின் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டவேண்டியிருந்தது. அணைக்கட்டையும் குடும்பநலத்தையும் பற்றிய செய்திப் படங்களுக்கிடையே, அறுபதுகளின் பிற்பகுதியில், பதி, எஸ். என். எஸ். சாஸ்திரி போன்றோர் அரசின் பணத்திலேயே துணிகரமான சோதனைகளைச் செய்தனர். அதே காலத்தில் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்சி தமக்குக் கிடைத்த நேரு நல்கைப் பணத்தைக் கொண்டு 1969இல் ஒரு பட்டறை அமைத்தார். இளம் ஓவியர் நளினி மலானி தம் முதல் திரை ஆக்கங்களை அங்கேதான் செய்தார். பதம்சி அந்நாளில் எடுத்த ஒரு படத்தின் ஒரே பிரதி பின்னர் தொலைந்தே போயிற்று. இக்கலை நம் நாட்டிற்கு நேற்று வந்த இறக்குமதி என்று எண்ணுவோர் இவற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

‘ஆபித்’ படத்தில் ஆபித் சுர்தி என்னும் ஓவியர் ஓர் அறைக்குள் பொம்மைபோல் துள்ளித்துள்ளி அசைந்து, சுவரையும் தரையையும் வண்ணத்தால் நிரப்புகிறார். உயிருள்ள மனிதனை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் படமெடுத்து இணைத்த வேலை அது. கூடத்திலிருந்த பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். ‘எக்ஸ்ப்ளோரர்’ அவ்வாறன்று. ஏறத்தாழ 7 நிமிடங்களில் ஆடும் இளைஞர், வழிபாட்டுச் சின்னங்கள், எழுத்துகள், கருவிகள் யாவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மாறிமாறிப் பாய்கின்றன. மரபுக்கும் புதுமைக்கும் இடையே அலைக்கழிக்கப்படும் ஒரு தலைமுறையின் நெஞ்சத் துடிப்பு அதில் உண்டு என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் அப்படத்தைப் புகழ்வோரோடு நாம் முழுவதும் உடன்படவில்லை. அது எதன்மேலும் நிற்பதில்லை. நெற்றியும் விளக்கும் பொறியும் அதற்கு ஒரே எடையுடையவை. பார்ப்பவன் மயங்குகிறான், ஆனால் எந்த ஒன்றையும் அவன் பார்த்தான் என்று சொல்லமுடியாது. இன்று கைப்பேசியில் விரலால் தள்ளித்தள்ளிப் பார்க்கும் துணுக்குப் படங்களின் வேகத்துக்கு அது முன்னோடியாக அமைந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றுகிறது. இது பதியின் குற்றமன்று. காலம் அவருடைய புதுமையை விலைமலிவாக்கிவிட்டது.

மூன்றாவது படம் ஆர். பி. அமுதன் 2003இல் எடுத்த ‘பீ’. இதைச் சோதனைக் கலையென்று வகைப்படுத்துவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும்; ஆவணப்படம் என்பதே அதன் பெயர். ஆயினும் நாம் அறிந்தவற்றுள் காலத்தைக் கையாளும் துணிவில் இதற்கு இணையானவை மிகச் சில. மதுரையில் ஒரு கோயிலை அடுத்த தெரு. அதை மக்கள் திறந்த கழிப்பிடமாக்கியுள்ளனர். மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளராகிய ஒரு தலித் பெண் நாள்தோறும் காலையில் வந்து அதை அள்ளி அகற்றுகிறார். கேமரா அவரோடு செல்கிறது. ஏறத்தாழ 25 நிமிடங்கள் நாம் பார்ப்பது இவ்வளவே: சாம்பல், துடைப்பம், தகரம், குனியும் உடல், அவ்வப்போது அவர் சொல்லும் சில சொற்கள். கண்ணீரை வரவழைக்கும் உத்திகளை அமுதன் நாடுவதில்லை. காட்சியை வெட்டி நம்மை வெளியே அழைத்துச் செல்வதுமில்லை. ஒரு கணம் பார்த்து இரங்கிவிட்டுத் திரும்பிக்கொள்ளும் வசதியை அப்படம் மறுக்கிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் சட்டம் வந்தது. 2013இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. முதற்சட்டம் வந்து பத்தாண்டு கழித்து எடுக்கப்பட்ட இப்படம் சட்டத்தைப் பற்றி வாதிடாமல், வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை மட்டும் நமக்கு உணர்த்துகிறது. நேரத்தை உணர்த்துவது ஒரு வாதமாகிவிடுகிறது.

அமுதனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவந்தவரும் அவரே. கல்லூரிகளிலும் சிறு கூடங்களிலும் நுழைவுக்கட்டணம் இன்றி, தொடர்ந்து பல ஆண்டுகள் இத்தகைய படங்களைத் தமிழ் மக்களுக்குக் காட்டிய உழைப்பு அது. 2004இல் மும்பைப் பன்னாட்டு விழாவில் இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்று கேட்கப்பட்டபோது, நாடெங்குமுள்ள ஆவணப்படத்தார் அதை எதிர்த்து ‘விகல்ப்’ என்னும் மாற்று விழாவையே நடத்தினர். படம் எடுப்பதோடு பணி முடிவதில்லை. யார் கூடி உட்கார்ந்து பார்ப்பது என்பதும் போராடிப் பெறவேண்டிய ஒன்று என்பதை இவர்கள் அறிந்திருந்தனர்.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. திருச்சபையே மனமுவந்து வரவேற்ற வீடியோ கலைஞர் ஒருவர் உண்டு: 2024இல் மறைந்த அமெரிக்கர் பில் வயோலா. 1996இல் இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தின் உட்சுவரில் அவருடைய ஆக்கம் ஒன்று வீழ்த்தப்பட்டது. நீரின் ஆழத்திலிருந்து ஒரு மனிதன் ஆடையின்றி மெல்ல மேலெழுந்து மூச்சு வாங்கி மீண்டும் அமிழ்கிறான். ஆடையின்மை சிலரைப் புண்படுத்தக்கூடும் என்ற காவல்துறையின் எச்சரிக்கையால் அதைச் சுற்றித் தடுப்புகள் வைக்கப்பட்டன. 2014இல் இலண்டன் பவுல் பேராலயத்தில் ‘மார்ட்டர்ஸ்’ என்னும் ஆக்கம் நிலையாகவே நிறுவப்பட்டது. நான்கு திரைகள், நான்கு மனிதர், மண், காற்று, நெருப்பு, நீர் என்னும் நான்கு பூதங்களால் ஒலியின்றி வதைக்கப்படும் ஏறத்தாழ 7 நிமிடங்கள்.

வயோலாவின் தொடக்ககால ஆக்கமான ‘த ரிஃப்ளெக்டிங் பூல்’ நம் உள்ளத்தைக் கவர்ந்தது. 1977 முதல் 1979 வரை செய்யப்பட்டது அது. காட்டுக்குள் ஒரு குளம், அசையாத கேமரா. ஒருவன் வந்து கரையில் நின்று குதிக்கிறான். குதித்த உடல் காற்றில் அப்படியே உறைந்துவிடுகிறது. குளத்து நீரோ உறையவில்லை. அதில் அலைகள் விரிகின்றன. கரையில் நாம் காணாதவர்களின் நிழல்கள் நீரில் நடக்கின்றன. தொங்கும் உடல் மெல்ல மெல்லப் பச்சையில் கரைந்து மறைகிறது. இறுதியில் அவன் நீருக்குள்ளிருந்து எழுந்து கரையேறிக் காட்டுக்குள் போகிறான். திருமுழுக்கைப் பற்றி ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை வைத்து ஆண்டுதோறும் அருளுரை ஆற்றும் நமக்கு, இறங்குவதற்கும் எழுவதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை இவ்வளவு நீட்டிக் காட்டிய வேறொன்று நினைவில் இல்லை. குளமும் படித்துறையும் நிறைந்த நம் நாட்டார்க்கு இப்படம் விளக்கமின்றியே புரியும் என்றும் எண்ணுகிறோம்.

ஆனால் ‘மார்ட்டர்ஸ்’ நமக்கு நிறைவு தரவில்லை. அதிலுள்ள உடல்கள் மிக அழகியவை. ஒளி மிகத் தூயது. துன்பம் கழுவித் துடைக்கப்பட்டுப் பளிங்குத் தூண்களிடையே வைக்கப்பட்டுள்ளது. யார் வதைத்தார், ஏன் வதைத்தார் என்பன அங்கே இல்லை. பூதங்களே வதைக்கின்றன, மனிதர் எவரும் குற்றவாளி அல்லர். இரத்தசாட்சியென்னும் சொல்லில் உள்ள சாட்சி அங்கே எதற்குச் சாட்சி? டர்ஹமில் ஆடையற்ற உடலைக் கண்டு அஞ்சிய திருச்சபை, இலண்டனில் காரணமற்ற துன்பத்தைக் கண்டு அஞ்சாதது வியப்பே. மதுரைத் தெருவில் குனிந்த அந்தப் பெண்ணின் படம் எந்தப் பேராலயத்திலும் நிலையாக நிறுவப்படாது, நிறுவவும் வேண்டாம். நம் கூடத்தில் அதைப் போட்டபோதே, “கோயிலை ஒட்டிய இடத்தில் இதையா?” என்ற முணுமுணுப்பு எழுந்ததை இங்கே பதிவு செய்கிறோம்.

நாம் காட்ட விரும்பியும் காட்ட இயலாத ஆக்கம் ஒன்று உண்டு: அமர் கன்வர் ஒடிசாவில் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘த சாவரின் ஃபாரஸ்ட்’. 2012இல் ஜெர்மனியின் காசல் நகரத்துப் பெருங்கண்காட்சியிலும், பின்னர் புவனேசுவரத்திலும் அது வைக்கப்பட்டது. அதன் நடுவில் ஓடும் படத்தின் பெயர் ‘த சீன் ஆஃப் கிரைம்’, அதாவது குற்றம் நடந்த இடம். அதில் குற்றம் எதுவும் காட்டப்படுவதில்லை. புல் அசைகிறது, நீர் ஓடுகிறது, மாலை வெளிச்சம் மரத்தில் விழுகிறது. அதில் காணும் இடங்கள் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கையகப்படுத்தக் குறிக்கப்பட்டவை என்பதை அறிந்தபின் ஒவ்வொரு புல்லும் வேறாகத் தெரிகிறது. படத்தோடு 272 வகை நாட்டு நெல் விதைகளும் சிறு பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. கலைக்கூடத்தில் நெல்லை வைப்பதென்ன புதுமை என்று டெல்டாக்காரன் கேட்கலாம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 வகை மரபு நெல்லை மீட்டெடுத்துவிட்டு 2018இல் மறைந்த நெல் ஜெயராமனை அறிந்தவர்கள் நாம். அவர் விதையைப் பெட்டியில் பூட்டவில்லை. உழவரிடம் இரண்டு கிலோ கொடுத்து மறுஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கினார். கன்வரின் ஆக்கத்தை நன்னிலத்தில் காட்டினால் இக்கேள்வி எழாமல் இராது. எழவேண்டும் என்பதே நம் விருப்பம். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றப்பட்ட நிலத்தில் இருந்துகொண்டு அப்படத்தைப் பார்ப்பது காசலில் பார்ப்பதன்று.

இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியருள் ஒருவர், “வெண்மணியைக் காட்டியிருக்கலாமே” என்றார். 1968 டிசம்பர் 25 இரவு, நம் சபைகள் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த இரவில், கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அதைப் பற்றிப் பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ‘ராமையாவின் குடிசை’ முக்கியமான படம். அது சாட்சிகளின் வாய்மொழியால் ஆனது. அதற்குத் தனியே ஒரு மாலை வேண்டும் என்று விடை சொன்னோம். ஆயினும் ஆசிரியரின் சொல் கன்வரின் தலைப்போடு நம் உள்ளத்தில் இணைந்துவிட்டது. நன்னிலத்திலிருந்து பேருந்தில் செல்கையில் இருபுறமும் காணும் பசுமை எத்தனை முறை நம்மைச் சொல்லின்றி ஏமாற்றியுள்ளது!

இனி வரிசையைப் பற்றி. நகரங்களில் நாம் கண்ட பல காட்சிகளில் ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு ஆக்கங்கள் அடைக்கப்படுகின்றன. ஒன்று முடிந்து மூச்சு விடுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் ஒருவர் நெடுநேரம் விளக்கவுரை ஆற்றுகிறார். கையில் கொடுக்கும் தாளில் படத்தைவிடக் கடினமான மொழியில் குறிப்புகள் உள்ளன. இது நமக்குப் பழக்கமான நோயே. திருமறைப் பாடத்தை வாசிப்பதற்கு முன்னரே அதன் பொருளைச் சொல்லிவிடும் ஆயர்கள் நம்மிடையே குறைவல்லர். ஞாயிறுதோறும் பழைய ஏற்பாடு, நிருபம், நற்செய்தி என மூன்று பாடங்களை அடுத்தடுத்து வாசிக்கிறோம். அவற்றை அடுத்தடுத்து வைத்தவர் யாரென்று நாம் கேட்பதில்லை. ஆயினும் ஒன்று மற்றொன்றின்மேல் ஒளி வீசுவதை உணர்கிறோம். படவரிசையும் அவ்வாறானதே. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் 1954 முதல் நடைபெறும் குறும்படவிழா, அயலானிடம் செல்லும் வழி என்னும் பொருளுடைய வாசகத்தை நெடுங்காலம் தன் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. சபைகளின் ஐக்கிய நடுவர் குழு ஒன்றும் அங்கே பரிசு வழங்குகிறது. அயலான் யார் என்பது நமக்குப் பழைய கேள்வி. படத்தை அடுத்து வரும் படம் அதற்கு அயலான். இருளில் நம்மை அடுத்து அமர்ந்திருப்பவரும் அயலாரே.

இவ்வகையில் நம் வரிசை தவறானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ‘எக்ஸ்ப்ளோரர்’ படத்தின் ஆரவாரத்தால் களைத்த கண்களுக்குமுன் ‘பீ’ படத்தை வைத்தோம். வேகத்திற்குப்பின் மெதுவானது ஓங்கி நிற்கும் என்பது நம் கணக்கு. அங்கே அந்தப் பெண்ணின் வேலை, முன்னர்ச் சிரிப்பும் மயக்கமும் ஊட்டிய இரண்டு வேடிக்கைகளுக்கு அடுத்த மூன்றாவது வேடிக்கையாகிவிட்டது. பிள்ளைகள் முதலில் சிரிக்கவே செய்தனர்.

வெளியே சென்றவர் அருவருப்பால் சென்றார் என்றே அன்றிரவு நாம் முடிவு செய்தோம்; மாணவரிடம் சற்று வருத்தத்தோடு அவ்வாறு சொல்லவும் செய்தோம். மறுநாள் அவரை ஆற்றங்கரைச் சாலையில் கண்டபோது, நாம் கேளாமலே அவர் சொன்னார்: “ஐயா, எங்கம்மா டவுன்ல இருபத்தெட்டு வருஷம் அந்த வேலைதான் செஞ்சாங்க. படம் பொய்யில்ல. தனியா உக்காந்து பாத்திருந்தா முழுசும் பாத்திருப்பேன். அவங்க எல்லாரோடயும் உக்காந்து பாக்க முடியலீங்க.”

திறனாய்வு நூல்கள் எவையும் நமக்குச் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். படம் நேர்மையாக இருக்கலாம். வரிசையும் செம்மையாக இருக்கலாம். கூடத்தில் சாதி தன் இடத்தில் அமர்ந்திருக்கையில், திரையில் காண்பதை எல்லாரும் ஒன்றாகக் காண்பதில்லை. இரக்கப்படுவோர் ஒரு பாயிலும் இரக்கப்படப்படுவோர் ஒரு பாயிலும் இருந்தனர். நாம் படங்களைத் தேர்ந்தோம், கருவியைச் சரிபார்த்தோம், யாரோடு யாரை அமர்த்துகிறோம் என்று எண்ணவில்லை. மேசையருகே அப்பத்தைப் பகிரும் பணியில் உள்ளவர்கள் இதை முதலில் எண்ணியிருக்க வேண்டும்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பேச்சை மாற்றி, குறுவைக்குத் தண்ணீர் எப்போது வருமென்று பேசினார். பிரியும்போது அந்தப் படத்தின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். தம் தாய்க்குக் காட்டவேண்டுமென்றார். மறுவாரம் மாணவர் அதை அவருடைய வீட்டிற்குக் கொண்டு கொடுத்தார். அத்தாய் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று நாம் இன்னும் கேட்கவில்லை.